ஃபைன் குறையலைன்னா தப்பு யாரோடது?

இந்த வருஷம் நம்ம பேட்ச்ல எத்தனை பேர் யு.கே.வுக்கு எம்.எஸ்ஸி. அப்ளை பண்ணியிருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. கவென்ட்ரி, லெஸ்டர், பர்மிங்காம், டார்பி என்று லிஸ்ட் நீளும். அவர்களில் சிலர் போன கொஞ்ச நாளிலேயே ஒரு பழைய கார் வாங்கிவிடுவார்கள். நம்ம இந்திய லைசென்ஸை வைத்தே அங்கே பன்னிரண்டு மாதம் வரை ஓட்டலாம். அப்படி ஓட்டுகிற ஒருவர் வீட்டுக்கு ஒரு நாள் தபாலில் ஒரு கவர் வரும். உள்ளே அவருடைய கார் நம்பர், ஒன்றிரண்டு போட்டோ, 70 பவுண்டு கட்டச் சொல்லி ஒரு நோட்டீஸ். நம்ம கணக்குக்கு ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். அனுப்பியது போலீஸ் இல்லை, அந்த ஊர் கவுன்சில். நம்ம ஊர் மாநகராட்சி மாதிரி, ரோடு போடுகிற, தெருவிளக்கு எரிகிறதா என்று பார்க்கிற அந்த ஆபீஸ்.

"ரோடு போடுற ஆபீஸுக்கு டிராஃபிக் ஃபைன் போடுற வேலை எதுக்கு?" என்று கேட்கத் தோன்றும். இங்கிலாந்திலும் அதைத்தான் நிறைய பேர் கேட்கிறார்கள். என் கேள்வி அது இல்லை. கவுன்சில் ஃபைன் போடட்டும், அதில் எனக்குச் சம்மதம்தான். ஆனால் அந்தப் பணத்தை அதே கவுன்சில் வைத்துக்கொள்ளலாமா? ஒரே ஜங்ஷனில் மாதாமாதம் ஃபைன் குறையாமல் வந்துகொண்டே இருந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது ஓட்டுகிறவரா, ரோட்டை டிசைன் செய்தவரா? சிவில் படிக்கிறவங்க, கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல பாஸ் ஆனவங்க எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. இது உங்க சப்ஜெக்ட்.

விஷயம் என்ன?

டிராஃபிக் தப்பு இரண்டு வகை. வண்டி நிற்கும்போது செய்வது ஒன்று: நோ பார்க்கிங்கில் விடுவது மாதிரி. வண்டி ஓடும்போது செய்வது இன்னொன்று: நோ என்ட்ரியில் நுழைவது, திரும்பக் கூடாத இடத்தில் திரும்புவது, யு-டர்ன் கூடாத இடத்தில் போடுவது, லாரி போகக் கூடாத தெருவில் லாரி போவது, மஞ்சள் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு நிற்பது. இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் பேசுகிறோம். ஸ்பீடிங், சிவப்பு சிக்னலைத் தாண்டுவது, ஆபத்தாக ஓட்டுவது எல்லாம் இதில் வராது. அவை அங்கே இன்றும் போலீஸ் கையில்தான்.

பார்க்கிங் ஃபைன் போடும் வேலையை போலீஸிடமிருந்து கவுன்சிலுக்கு மாற்ற வழி செய்தது 1991-ல் வந்த சட்டம். லண்டன் கவுன்சில்களுக்கு மட்டும் 2003-ல் ஒரு தனிச் சட்டம் போட்டு, ஓடும் வண்டிக்கும் ஃபைன் போடும் அதிகாரம் கொடுத்தார்கள். மற்ற ஊர்களுக்காக 2004-ல் 'டிராஃபிக் மேனேஜ்மென்ட் ஆக்ட்' வந்தது. அதன் ஆறாவது பகுதியில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. ஆனால் பார்க்கிங்கையும் பஸ் லேனையும் மட்டும் இங்கிலாந்தின் மற்ற கவுன்சில்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஓடும் வண்டித் தப்புகள் பதினெட்டு வருஷம் தாளிலேயே கிடந்தன. 2022 மே 31-ல்தான் அந்தக் கதவு திறந்தது. அந்த வருஷமே கென்ட், சர்ரே, டார்பி, லூட்டன், ஆக்ஸ்ஃபர்ட்ஷயர் போன்ற கவுன்சில்கள் முதல் வரிசையில் அதிகாரம் வாங்கின.

லண்டனுக்கு வெளியே தொகை 70 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டினால் பாதி, 35 பவுண்டு. கட்டாமல், எதிர்த்து எழுதவும் செய்யாமல் விட்டால் ஒன்றரை மடங்கு, 105 பவுண்டு. லண்டனில் இன்னும் அதிகம். இது கிரிமினல் குற்றம் இல்லை, சிவில் அபராதம். லைசென்ஸில் பாயின்ட் ஏறாது. கவர் வருவது ஓட்டியவருக்கு இல்லை, வண்டி யார் பேரில் பதிவாகி இருக்கிறதோ அவருக்கு. ஃபிரெண்டுக்குக் காரைக் கொடுத்தால் அவன் திரும்பின திருப்பத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.

ஏன் நான் இதை எதிர்க்கவில்லை?

"கேமராவை வெச்சு காசு பறிக்கிறாங்க" என்பது கேட்க நல்லா இருக்கும், லைக்கும் விழும். ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிப் படம்தான் தெரியும்.

மஞ்சள் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். ஜங்ஷன் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் கோடு போட்டிருப்பார்களே, அதுதான். நம்ம ஊரிலும் சில சிக்னல்களில் பார்த்திருப்பீங்க. லண்டனில் சோதனை பண்ணிப் பார்த்துவிட்டு 1967-ல் பிரிட்டனில் அதிகாரபூர்வமாகக் கொண்டுவந்தார்கள். விதி ரொம்ப எளிது: அந்தப் பக்கம் உங்க வண்டி போய் நிற்க இடம் இருந்தால் மட்டும் உள்ளே வா. வலது பக்கம் திரும்புகிறவர் எதிரே வரும் வண்டிக்காக உள்ளே காத்திருக்கலாம், அதற்கு மட்டும் விலக்கு. இந்த ஒரு விதியை நாலு பேர் மீறினால் என்ன ஆகும்? பச்சை விழுந்தும் குறுக்குப் பக்கம் ஒரு வண்டிகூட நகராது. ஒரு பஸ் அங்கே மாட்டினால் உள்ளே இருக்கிற ஐம்பது பேருக்கும் லேட். அந்த ஐம்பது பேரில் யாரும் தப்புப் பண்ணவில்லை.

அதே மாதிரி ஸ்கூல் வாசல் தெரு. காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் வந்து போகிற நேரத்தில் மட்டும் கார் வரக் கூடாது என்று சில தெருக்களை அங்கே மூடுகிறார்கள். போர்டு மட்டும் வைத்தால் யாரும் மதிப்பதில்லை. போலீஸ் ஒவ்வொரு ஸ்கூல் வாசலிலும் நிற்க முடியாது. திருட்டு, அடிதடி, ஆக்சிடென்ட் என்று அவர்களுக்கு வேலை குவிந்து கிடக்கும்போது, ஒருத்தர் இடது பக்கம் திரும்பிவிட்டார் என்று ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தி வைப்பார்களா? மாட்டார்கள். அதனால் லண்டனுக்கு வெளியே பல ஊர்களில் இந்த விதிகள் எல்லாம் ரோட்டில் பெயின்ட்டாக மட்டுமே இருந்தன.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. ரோட்டை டிசைன் செய்வது, போர்டு வைப்பது, கோடு அழிந்தால் திரும்பப் போடுவது எல்லாம் கவுன்சில். அப்போ, கோடு சரியில்லை என்றால் பிடித்துக் கேட்க ஒரே ஆள்தான். "அது அந்த டிபார்ட்மென்ட் சார்" என்று கைகாட்டி நழுவ முடியாது. இதை நான் பெரிய லாபமாகப் பார்க்கிறேன். ஏனென்று கடைசியில் சொல்கிறேன்.

தாளில் எல்லாம் பக்கா

சட்டத்தை எழுதினவர்கள் அப்பாவிகள் இல்லை. எங்கே தப்பு நடக்கும் என்று தெரிந்தே கொஞ்சம் வேலி போட்டிருக்கிறார்கள்.

கவுன்சில் நினைத்தவுடன் கேமரா மாட்ட முடியாது. முதலில் மத்திய அரசிடம் அதிகாரம் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு முன்னால் எந்தெந்த இடம், ஏன் என்று சொல்லி ஊர் மக்களிடம் குறைந்தது ஆறு வாரம் கருத்துக் கேட்க வேண்டும். போலீஸையும் கலந்து பேச வேண்டும். போர்டும் கோடும் சட்டப்படி இருக்கின்றனவா என்று பார்த்திருக்க வேண்டும். புதிதாகக் கேமரா வைக்கிற ஒவ்வொரு இடத்திலும் முதல் ஆறு மாதம், முதல் தடவை மாட்டுகிறவருக்கு ஃபைன் இல்லை, எச்சரிக்கைக் கடிதம் மட்டும்.

ஃபைன் வந்த பிறகும் வழி இருக்கிறது. கவுன்சிலுக்கு எழுதலாம். அவர்கள் மறுத்தால் 'டிராஃபிக் பெனால்டி டிரிபியூனல்' என்ற தனித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். லண்டனுக்கு வேறு ஒன்று, 'லண்டன் டிரிபியூனல்ஸ்'. ரெண்டும் கவுன்சிலுக்குக் கட்டுப்பட்டவை இல்லை. அங்கே தீர்ப்புச் சொல்கிறவர்கள் வக்கீல் தொழிலில் இருந்து வந்தவர்கள். அப்பீலுக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே முடித்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறது. வருமானம் சம்பாதிப்பது நோக்கமாக இருக்கக் கூடாது, இத்தனை ஃபைன் போட வேண்டும் என்று டார்கெட் வைக்கக் கூடாது என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. செலவு போக மிச்சம் வந்தால் ரோடு, பஸ், சுற்றுச்சூழல் மாதிரியான வேலைகளுக்குத்தான் அதைத் தொடலாம்.

படிக்கும்போது "அடடா, இதைவிட என்ன வேணும்" என்று தோணுது இல்ல? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கணக்கை எடுத்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரிகிறது.

ஓட்டை எங்கே?

முதல் ஓட்டை: "ரோட்டுக்கு மட்டும்தான் செலவு பண்ணுவோம்" என்கிற வாக்கு. உங்களுக்கு மாதம் வீட்டிலிருந்து 5,000 ரூபாய் வருகிறது, அதில் 2,000 புத்தகத்துக்குப் போகிறது என்று வையுங்க. ஒரு நாள் ஸ்காலர்ஷிப் 2,000 வருகிறது, "புத்தகத்துக்கு மட்டும்" என்ற கண்டிஷனோடு. நீங்க கண்டிஷனை அப்படியே மதிக்கிறீங்க. ஸ்காலர்ஷிப்பில் புத்தகம் வாங்குறீங்க. வீட்டிலிருந்து வந்த 2,000 இப்போ சும்மா இருக்கு. அது பிரியாணிக்குப் போகும். ரூல் எதையும் மீறவில்லை, ஆனால் ஸ்காலர்ஷிப் கடைசியில் பிரியாணியாகத்தான் ஆனது. கவுன்சிலும் அப்படித்தான். ஃபைன் மிச்சத்தில் பஸ் பாஸ் செலவைக் கட்டினால், பஸ் பாஸுக்கு ஒதுக்கியிருந்த பணம் வேறு எதற்கு வேண்டுமானாலும் போகலாம்.

இது சும்மா கற்பனைப் பயம் இல்லை, ஏனென்றால் அங்கே கவுன்சில்கள் பணத்துக்குத் தவிக்கின்றன. வரவு செலவு கட்டுப்படி ஆகவில்லை என்றால் 'செக்‌ஷன் 114' என்று ஒரு நோட்டீஸ் கொடுப்பார்கள். சட்டப்படி செய்தே ஆக வேண்டிய வேலை தவிர புதுச் செலவு எல்லாம் நிறுத்தம் என்று அர்த்தம். லண்டன் க்ராய்டன் 2020-ல் கொடுத்தது. பர்மிங்காம் 2023 செப்டம்பரில், நாட்டிங்காம் அதே வருஷம் நவம்பரில். பசியோடு இருப்பவன் கையில் பரிமாறும் கரண்டியைக் கொடுத்துவிட்டு "நீ மட்டும் சாப்பிடாதே" என்றால் எப்படி?

இரண்டாவது ஓட்டை: 35-க்கும் 70-க்கும் நடுவில் இருக்கிறது. உங்க மேல் தப்பில்லை என்று நீங்க நம்புறீங்க. கவுன்சிலுக்கு எழுதினீங்க, முடியாது என்று பதில் வந்தது. இப்போ 35 கட்டி முடித்துக்கொள்ளலாம். தீர்ப்பாயத்துக்குப் போனால் பொதுவாக அந்தப் பாதி விலைச் சலுகை போய்விடும், தோற்றால் முழு 70. ஜெயிக்க ஐம்பது சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால்தான் சண்டை போடுவது கணக்குக்கு ஒத்துவரும். அதிலும் படிவம் நிரப்புகிற நேரம், ஆங்கிலத்தில் வாதாடுகிற பயம், பார்ட் டைம் ஷிஃப்ட் எல்லாம் சேர்த்தால்? நம்ம சீனியர் என்ன செய்வார்? 35 கட்டிவிடுவார். தப்பே செய்யாதவரும் கட்டுவதுதான் புத்திசாலித்தனம் என்று ஆகும்படி அந்த விலை அமைந்திருக்கிறது. அப்பீல் இலவசம்தான், ஆனால் அப்பீலுக்குப் போவது இலவசம் இல்லை.

மூன்றாவது ஓட்டைதான் நம்ம துறையுடையது: டிசைன்.

மஞ்சள் பெட்டி 25 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 8 மீட்டர் சொச்சம். உங்க கார் 4 மீட்டர். முழு வண்டியும் பெட்டியை விட்டு வெளியே வர 29 மீட்டர் போக வேண்டும், கிட்டத்தட்ட மூன்றரை விநாடி. நுழையும்போது எதிர்ப் பக்கம் இடம் இருக்கிறது. அந்த மூன்றரை விநாடிக்குள் முன்னால் போனவர் பிரேக் போடுகிறார், அல்லது பக்கத்து லேனிலிருந்து ஒருத்தர் அந்த இடத்தில் புகுந்துவிடுகிறார். அவ்வளவுதான், நீங்க உள்ளே. ரோடு கொஞ்சம் வளைந்திருந்தாலோ, முன்னால் ஒரு பஸ் நின்று மறைத்தாலோ, பெட்டி எங்கே முடிகிறது என்றே தெரியாது. பெட்டியை 15 மீட்டராகச் சுருக்கினால் அதே காருக்கு இரண்டேகால் விநாடி போதும். பெட்டி சும்மா பெரிசாக இருந்தால் தப்பும் பெரிசாகும். வண்டிகள் உண்மையிலேயே குறுக்கிடுகிற இடத்துக்கு மேல் ஒரு மீட்டர் அதிகமாகப் போட்டாலும் அந்த ஒரு மீட்டரால் டிராஃபிக்குக்கு லாபம் இல்லை, கேமராவுக்குத்தான் லாபம்.

இது நான் உட்கார்ந்து யோசித்த கணக்கு மட்டும் இல்லை. ஆர்.ஏ.சி. என்கிற வாகன ஓட்டிகள் அமைப்பு, லண்டனிலும் வேல்ஸின் கார்டிஃபிலும் கேமரா வைத்த பெட்டிகளை ஒரு பொறியாளரை வைத்து ஆராய்ந்தது. லண்டனின் முக்கியச் சாலைகளில் இந்தப் பெட்டிகளின் டிசைனைப் பார்த்து ஒப்புதல் தரும் வேலையில் முன்பு இருந்தவர் அவர். பெரும்பாலான பெட்டிகளில் ஏதோ ஒரு குறை இருந்தது: தேவையைவிடப் பெரிது, அல்லது ஓட்டுகிறவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. லண்டன் ஃபுல்ஹாமில் பேக்லிஸ் லேன் என்ற ஒரு ஜங்ஷன் இருக்கிறது. அங்கே மாட்டியவர்கள் அவ்வளவு பேர், அது கவுன்சிலுக்குக் கொடுத்த பணம் அவ்வளவு. அதற்கு 'மணிபாக்ஸ் ஜங்ஷன்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். நம்ம பாஷையில் உண்டியல் ஜங்ஷன்.

ஒரு நிமிஷம் இந்த உண்டியலை நம்ம லேப் கண்ணோட யோசிங்க. கேமரா என்பது ஒரு சென்சார். ஃபைன் என்பது ஃபீட்பேக். ஃபீட்பேக் வேலை செய்தால் எரர் குறைய வேண்டும். முதல் மாதம் ஆயிரம் பேர் மாட்டினால் ஆறாவது மாதம் முந்நூறு, பிறகு நூறு என்று இறங்க வேண்டும். ஒரு லூப்பில் எரர் வருஷக்கணக்கில் இறங்கவே இல்லை என்றால் நாம் என்ன சொல்வோம்? சிஸ்டம் தப்பு என்போம். திரும்பத் திரும்ப ஒரே கொஸ்டினில் முழு கிளாஸும் கோட்டை விட்டால் கொஸ்டின் பேப்பரைத்தானே பார்க்கணும்? ஆனால் இங்கே எரர் இறங்காவிட்டால் சென்சார் மாட்டினவருக்கு வருமானம். பெட்டியைச் சரிசெய்தால் வருமானம் போய்விடும். எந்த மனிதரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த ஜங்ஷன் ஃபைல் மேஜையில் அடியிலேயே கிடக்கும், அவ்வளவுதான்.

கோர்ட்டும் சொன்னது

இது வெறும் மாணவன் புலம்பல் இல்லை என்பதற்கு ஒரு வழக்கு. லண்டன் பார்னெட் கவுன்சில், வீட்டு வாசலில் கார் நிறுத்தும் பெர்மிட் விலையை 40 பவுண்டிலிருந்து ஒரே தாவலில் 100 ஆக்கியது. அங்கே குடியிருந்த டேவிட் அட்ஃபீல்ட் கோர்ட்டுக்குப் போனார். 2013-ல் ஹைகோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வேறு போக்குவரத்துச் செலவுகளுக்கு மிச்சம் சேர்ப்பதற்காக விலையை ஏற்ற முடியாது, அந்தச் சட்டம் வரி போடுகிற சட்டம் இல்லை என்பதுதான் அதன் சாரம்.

அது பார்க்கிங் பெர்மிட் வழக்கு, மஞ்சள் பெட்டி வழக்கு இல்லை. ஆனால் பார்னெட் மாட்டியது ஏன் என்று கவனிங்க. விலையை ஏற்றினார்கள், அதனால் நோக்கம் வெளியே தெரிந்தது. பெட்டி விஷயத்தில் யாரும் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும். ஒரு கவுன்சில் செய்ததைக் கேட்டு வழக்குப் போடலாம், செய்யாமல் விட்டதைக் கேட்டு ஒரு தனி ஆள் வழக்குப் போடுவது எவ்வளவு கஷ்டம்!

அரசியல்வாதிகளும் இதைத் தொட்டார்கள். ரிஷி சுனக் அரசு 2023 அக்டோபரில் 'பிளான் ஃபார் டிரைவர்ஸ்' என்று ஒன்றை வெளியிட்டது. ஃபைனை வைத்து லாபம் பார்ப்பதைத் தடுப்போம் என்றது. 2024-ல் அந்த மிச்சப் பணத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று கருத்தும் கேட்டது. அந்த ஜூலையில் ஆட்சியே மாறிவிட்டது. ஆனால் அவர்கள் பேசிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கார் ஓட்டுகிறவர் பாவம், கவுன்சில் வில்லன் என்கிற சினிமாக் கதை அது. பஸ்ஸில் மாட்டிக்கொண்ட ஐம்பது பேர் அந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை.

அப்போ என்ன செய்யலாம்?

நாலு விஷயம் சொல்கிறேன். எதுவும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை.

ஒன்று, ஒவ்வொரு கேமராவுக்கும் மாதக் கணக்கை வெளியிட வேண்டும். கவுன்சில் மொத்தமாக இவ்வளவு என்று இல்லை, ஜங்ஷன் வாரியாக. முதல் ஆறு மாத எச்சரிக்கைக் கடிதங்களின் எண்ணிக்கையையும் சேர்த்து. ஒரு கிராஃப் போதும், ஊரே பார்த்துப் புரிந்துகொள்ளும்.

இரண்டு, ஒரு வருஷத்தில் அந்த எண்ணிக்கை பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால் அங்கே கேமராவை நிறுத்த வேண்டும். வெளியிலிருந்து ஒரு பொறியாளர் வந்து டிசைனைப் பார்க்க வேண்டும். பெட்டியைச் சுருக்குவதா, போர்டை நகர்த்துவதா, சிக்னல் டைமிங்கை மாற்றுவதா என்று சரிசெய்த பிறகுதான் திரும்ப ஆன் செய்யலாம். டிசைன் சரிதான், ஓட்டுகிறவர்கள்தான் மதிக்கவில்லை என்று அவர் எழுத்தில் சொன்னால் கேமரா தாராளமாக ஓடட்டும்.

மூன்று, கேமராச் செலவு, ஊழியர் சம்பளம் போக மிச்சம் அந்த கவுன்சிலுக்குப் போகக் கூடாது. எல்லா ஊர் மிச்சமும் ஒரே பொதுக் கணக்கில் சேர்ந்து, யார் எவ்வளவு ஃபைன் போட்டார்கள் என்று பார்க்காமல், ரோட்டு நீளத்தையோ மக்கள் தொகையையோ வைத்துப் பிரிய வேண்டும்.

நாலு, தீர்ப்பாயம் முடிவு சொல்லும் வரை அந்தப் பாதி விலைச் சலுகை உயிரோடு இருக்க வேண்டும். நியாயம் கேட்டதற்காக 35 பவுண்டு கூடுதல் தண்டனை எதற்கு?

"பணம் கிடைக்காது என்றால் கவுன்சில் ஏன் கேமரா வைக்கப் போகிறது?" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. தெருவிளக்கில் என்ன லாபம் வருகிறது? பூங்காவில்? நூலகத்தில்? செய்யத்தானே செய்கிறார்கள். பஸ் நேரத்துக்குப் போக வேண்டும், ஸ்கூல் வாசலில் பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு கவுன்சில் கேமரா கேட்டது என்றால், மிச்சம் வராவிட்டாலும் அந்தக் காரணம் அப்படியேதான் இருக்கும். மிச்சம் வராது என்றவுடன் ஆசை போய்விட்டது என்றால், கேட்டதே எதற்கு என்று நமக்குத் தெரிந்துவிடும்.

இதில் நமக்கு என்ன?

நம்ம ஊரில் கதை வேறு. இங்கே ஓடும் வண்டிக்கு ஃபைன் போடுவது போலீஸ். ரோடு மாநகராட்சியுடையதாக இருக்கும், அல்லது நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். கோடு அழிந்து போன ஜங்ஷனில் இ-சலான் வந்தால் யாரிடம் போய்க் கேட்பீங்க? சலான் அனுப்பியவர் கோடு போடுவதில்லை, கோடு போடுகிறவர் சலான் அனுப்புவதில்லை. அங்கே ஒரே ஆள் கையில் இரண்டும் இருப்பது பிரச்சினை என்றால், இங்கே இரண்டும் இரண்டு ஆள் கையில் இருப்பதால் யாருமே பொறுப்பில்லை. இதனால்தான் இங்கிலாந்து ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது என்று மேலே சொன்னேன்.

கேமரா மட்டும் இங்கேயும் வேகமாக வந்துகொண்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 136ஏ பிரிவு எலக்ட்ரானிக் கண்காணிப்புக்கு வழி செய்தது. 2021-ல் வந்த விதிகள், கருவிக்குச் சான்றிதழ் வேண்டும், கேமரா இருக்கிறது என்று போர்டு வைக்க வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கின்றன. நல்லதுதான். ஆனால் ஜங்ஷன் டிசைன் சரியா என்று யார் பார்ப்பது என்ற கேள்வி இங்கேயும் அப்படியே நிற்கிறது.

நம்மில் சிலர் நாளைக்கு அந்தக் கேமராவின் சாஃப்ட்வேரை எழுதப் போகிறோம். நம்பர் பிளேட்டை இன்னும் இரண்டு சதவீதம் சரியாகப் படிக்க மாடலை டிரெயின் செய்வோம், டேஷ்போர்டு செய்வோம். கிளையன்ட் டேஷ்போர்டில் "இந்த மாதம் இத்தனை ஃபைன், இவ்வளவு தொகை" என்று மேலே ஏறுகிற பச்சைக் கோடு கேட்பார். போட்டுக் கொடுங்க, வேலை அது. பக்கத்திலேயே ஜங்ஷன் வாரியாக இன்னொரு கோடும் போடுங்க. அது இறங்குகிறதா என்று பார்க்கட்டும். இறங்காத ஜங்ஷனின் பேரை மட்டும் சிவப்பில் காட்டுங்க.

யு.கே. போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கவர் வந்தால் பயந்துபோய் உடனே கட்டாதீங்க, கோபத்தில் கிழித்தும் போடாதீங்க. 21 நாள் இருக்கிறது. தேதியைப் பாருங்க, போட்டோவைப் பாருங்க, வீடியோ இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்க. நீங்க நுழையும்போது அந்தப் பக்கம் இடம் இருந்ததா என்று உங்களையே கேளுங்க. இடம் இல்லை என்றால் கட்டிடுங்க, பஸ்ல ஐம்பது பேர் இருந்தாங்க. இடம் இருந்தது என்றால் எழுதுங்க.